காப்புரிமை எண் வருவதற்கு முன்பே கைநழுவும் கண்டுபிடிப்புகள்

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வான வைவா முடிந்து, சால்வை போர்த்தி, குழுப்படமும் எடுத்த பிறகுதான் பல ஆய்வகங்களில் இந்தக் கேள்வி எழுகிறது: "சார், இதுக்குப் பேடன்ட் போட்டுடலாமா?" அதற்குள் அந்தக் கண்டுபிடிப்பைப் பொது வைவாவில் விளக்கியாயிற்று. போன வருடமே ஒரு மாநாட்டில் போஸ்டராகத் தொங்கியும் இருக்கும். ஆய்வேடு, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறக் காத்திருக்கும். விண்ணப்பிக்கும் நாளில் கண்டுபிடிப்பு புதிதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நாம் எழுதிய கட்டுரையே நமக்கு எதிரான சான்றாகிவிடும் என்றால் பலர் நம்ப மறுக்கிறார்கள். அறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு இந்தியச் சட்டம் 12 மாதச் சலுகை தருகிறது. அது மிகக் குறுகலான வாசல். தயவுசெய்து அதை நம்பி வெளியிடாதீர்கள்.

இந்தத் தவறு பெரியவர்களுக்கும் நடந்திருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானிகளான ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் மரபணுவை வெட்டி ஒட்டும் முறையை 1973 நவம்பரில் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், கண்டுபிடிப்புகளைப் பயன்படுத்தக் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுக்கும் பிரிவில் இருந்த நீல்ஸ் ரைமர்ஸுக்கு, மறு ஆண்டு நாளிதழில் வந்த செய்தியின் வழியாகத்தான் விஷயம் தெரிந்தது. அமெரிக்காவில் வெளியீட்டுக்குப் பின் ஓராண்டு அவகாசம் உண்டு. அது முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 1974 நவம்பர் 4 அன்று, விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அமெரிக்க உரிமை தப்பியது, வெளிநாட்டு உரிமை போனது போனதுதான். அமெரிக்க உரிமை மட்டுமே 25 கோடி டாலருக்கு மேல் ஈட்டித் தந்தது. மற்ற நாடுகளில் என்ன வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? கட்டுரை அனுப்புவதற்கு முந்தைய வாரம் ஒரு புரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பம் போடுங்கள். கல்வி நிறுவனங்களுக்கு ஆன்லைனில் அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய்தான். கண்டுபிடிப்பை முழுதாக விளக்கும் விவரக்குறிப்பைத் தர 12 மாதம் கிடைக்கும். வெளிநாடுகளில் விண்ணப்பிப்பதற்கும் அதே 12 மாதம்தான் கணக்கு. ஆனால் இரண்டு பத்தி எழுதிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. புரொவிஷனலில் எதை விவரித்தீர்களோ அதற்கு மட்டும்தான் அந்த விண்ணப்பத் தேதி. பின்னால் சேர்ப்பதற்குப் பிந்தைய தேதிதான்.

அடுத்தது, எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம்: உரிமை யாருடையது? எச்.ஐ.வி. அளவைக் கணக்கிடும் ஒரு முறைக்காக ஸ்டான்ஃபோர்டுக்கும் ரோஷ் மருந்து நிறுவனத்துக்கும் நடந்த வழக்கை ஒவ்வொரு பல்கலைக்கழகப் பதிவாளரும் படிக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்த ஓர் ஆய்வாளர், கண்டுபிடிப்பின் உரிமையை "மாற்றித் தர ஒப்புக்கொள்கிறேன்" என்று கையெழுத்திட்டிருந்தார். பிறகு சீட்டஸ் என்ற நிறுவனத்தில் வேலை பழகப் போனபோது, உள்ளே நுழையும் முன் நீட்டப்பட்ட தாளிலும் கையெழுத்துப் போட்டார். அதில் "இதன்மூலம் மாற்றித் தருகிறேன்" என்றிருந்தது. முதல் தாளில் இருந்தது வெறும் வாக்குறுதி, இரண்டாவதில் அப்போதே கைமாற்றம். சீட்டஸின் அந்த முறை தொடர்பான தொழிலை ரோஷ் பின்னர் வாங்கியது. எச்.ஐ.வி. அளவைக் கணக்கிடும் அந்த முறையில் ஸ்டான்ஃபோர்டு தனி உரிமை கொண்டாட முடியாது என்று 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. ஒரு வினைச்சொல்லின் விலை அது.

நம் ஊரில் ஆய்வு மாணவர் பெரும்பாலும் ஊழியர் அல்ல. அவர் எழுத்தில் உரிமையை மாற்றித் தராவிட்டால் பல்கலைக்கழகத்தின் கை கட்டப்பட்டதுதான். மருத்துவமனையோ கம்பெனியோ கூட்டு உரிமையாளராக இருந்தால் இன்னொரு சிக்கல்: வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, மற்றவரின் சம்மதமின்றி யாரும் உரிமம் கொடுக்க முடியாது என்கிறது இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. வாங்க வந்த கம்பெனி ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்து சலித்துப் போய்விடும். அப்புறம், மரியாதைக்காகத் துறைத் தலைவரின் பெயரைக் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் சேர்ப்பதை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் அந்தப் பட்டியல் தவறாக இருந்து, திருத்தப்படாமலும் போனால் காப்புரிமையே செல்லாது.

எண்ணிக்கைக்காகப் போடுவது மற்றொரு நோய். தரவரிசைக்குக் காப்புரிமைகள் கணக்கில் வருவதால், விண்ணப்பம் "பப்ளிஷ் ஆகிவிட்டது" என்று பேனர் கட்டுகிறார்கள். பப்ளிஷ் ஆவதற்கு எந்தத் தகுதியும் தேவையில்லை, 18 மாதம் கழிந்தால் தானாகவே நடக்கும். காப்புரிமை தரலாமா என்று அலுவலகம் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கத் தனியாகக் கோர வேண்டும். 2024 விதித் திருத்தத்துக்குப் பின் போட்ட விண்ணப்பங்களுக்கு அதற்கான கெடு 31 மாதம். தவறவிட்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே கருதுவார்கள். பேனர் மட்டும் மிஞ்சும்.

பேரம் பேசும்போது இரண்டு தவறுகள் சகஜம். ஒன்று, முதலிலேயே பெருந்தொகை கேட்பது. கூகுள் தொடங்கியபோது, அதன் தேடல் முறைக்கான உரிமத்துக்கு ஈடாக ஸ்டான்ஃபோர்டு பங்குகளைப் பெற்றுக்கொண்டது. 2005இல் விற்றபோது கிடைத்தது சுமார் 33 கோடி டாலர். மற்றொன்று, ஒரே கம்பெனிக்கு எல்லா உரிமையையும் நிபந்தனையின்றிக் கொடுப்பது. அவர்கள் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால் என்ன செய்வீர்கள்? எத்தனை மாதத்தில் மாதிரி, எப்போது முதல் விற்பனை என்று எழுதி, தவறினால் உரிமம் திரும்பிவிடும் என்று ஒரு வரி போடுங்கள். கோஹன்-போயர் முறை யாருக்கும் தனியுரிமையாகப் போகவில்லை, நூற்றுக்கணக்கான கம்பெனிகள் உரிமம் பெற்றன. ஒரு முழுத் துறைக்கே அடிப்படையான முறைக்கு அதுதான் பொருத்தம். ஒற்றை மருந்து மூலக்கூறு என்றால் தனியுரிமை இல்லாமல் யாரும் முதலீடு செய்ய மாட்டார்கள்.

கடைசியாக, ஆளை விட்டுவிடாதீர்கள். விவரக்குறிப்பில் "60 டிகிரியில் கலக்கவும்" என்றுதான் இருக்கும். எந்த நிறம் வரும்போது நிறுத்த வேண்டும் என்பது அந்த மாணவிக்கு மட்டும்தான் தெரியும். அவர் பட்டம் வாங்கி வேறு வேலைக்குப் போனபின் கம்பெனி ஐநூறு லிட்டர் தொட்டியில் செய்து பார்த்துவிட்டு, "வரவில்லையே" என்று போன் செய்யும். உரிம ஒப்பந்தத்திலேயே அவருடைய ஆலோசனைக்கு இத்தனை நாள், அதற்கு இவ்வளவு சம்பளம் என்று எழுதிவையுங்கள். அவருடைய ஆய்வகக் குறிப்பேட்டின் நகலையும் அன்றைக்கே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.