கதை முடிந்ததும் நீதி கேட்காதீர்கள்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் தமிழ் நடத்தத் தொடங்கிய முதல் வருஷம், எந்தக் கதை வாசித்தாலும் கடைசியில் "இதன் நீதி என்ன?" என்று கேட்பேன். ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பையன் யோசிக்காமல் எழுந்து, "பொய் சொல்லக் கூடாதுங்க டீச்சர்" என்றான். அந்தக் கதையில் யாரும் பொய்யே சொல்லவில்லை! கேட்டுக் கேட்டு நான்தான் அவனை அப்படிப் பழக்கியிருந்தேன்.

அடுத்த தவறு, வட்டார வழக்கைக் கண்டு பயப்படுவது. ஆர். சண்முகசுந்தரம் நம் கொங்குப் பேச்சு வர எழுதிய 'நாகம்மாள்' நாவல் 1942-இல் வந்தது. புருஷனை இழந்தவள் நிலத்தில் பங்கு கேட்கிற கதை. வீட்டிலேயே பங்குச் சண்டை, வரப்புச் சண்டை பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்கு முன்னுரை எதற்கு? நாமோ அதில் வரும் பேச்சைக் கரும்பலகையில் 'நல்ல தமிழில்' திருத்தி எழுதிப் போடுகிறோம். ஒடக்கான் (ஓணான்), பொடக்காலி (புழக்கடை), அட்டாலி (பரண்) எல்லாம் புத்தகத்துக்கு ஆகாத சொற்கள் என்று அவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

அதற்காக எல்லாருக்கும் இந்தப் பேச்சு புரியும் என்றும் இருந்துவிடக் கூடாது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைக்குப் பொடக்காலி என்றால் என்ன தெரியும்? பக்கத்தில் இருப்பவனைச் சொல்லவிடுங்கள். சந்தேகம் வந்தால் பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' இருக்கிறது.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல் (2000) பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சிறுவர்களின் கதை. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். சாதி வருகிறதே என்று ஒதுக்குவது ஒரு தவறு. கையில் எடுத்துவிட்டு, வசவு வரும் பக்கத்தை வரிசைப்படி பிள்ளைகளை வாசிக்கச் சொல்வது அதைவிடக் கொடுமை. யார் எந்தத் தெருப் பிள்ளை என்பது வகுப்புக்கே தெரியும். அந்த இடங்களை நானே வாசித்துவிடுவேன். "உங்க பக்கம் இப்பவும் இப்படியா?" என்று ஒருத்தனைப் பார்த்து மட்டும் கேட்டுவிடாதீர்கள், அன்றோடு அவன் வாய் திறக்க மாட்டான்.

அப்புறம், நாம் முழுசாகப் படிக்காத புத்தகத்தைச் சிபாரிசு செய்யவே கூடாது. பிள்ளைகள் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நாவல் முழுவதையும் வகுப்பிலேயே வாசித்து முடிக்கவும் வேண்டாம். சண்டை முற்றுகிற இடமாகப் பார்த்து நிறுத்துங்கள், மணி அடிக்கட்டும். மறுநாள் நூலகப் பீரோ சாவி கேட்டு யாராவது வந்து நிற்பார்கள்.