ஆர்சிங்கில் ஃபோல்டரை ஒதுக்க முழுப் பாதை வேண்டாம்

ஃபைல்களை நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்கில் சர்வர் பேக்கப் எடுக்கும்போது, எதை ஒதுக்க வேண்டும் என்று சொல்லும் எக்ஸ்க்ளூட் ஆப்ஷனில் மூல ஃபோல்டருக்கு உள்ளிருந்து தொடங்கும் பாதையைக் கொடுங்கள். மூலம் '/வார்/' என்றால் '/வார்/கேஷ்/' அல்ல, '/கேஷ்/' மட்டும். முன்னால் வரும் சாய்கோடு இங்கே சர்வரின் ரூட்டை (மேல்மட்ட ஃபோல்டரை) அல்ல, நகலெடுப்பு தொடங்கும் இடத்தைத்தான் குறிக்கும். முழுப் பாதை கொடுத்தால் எதுவும் பொருந்தாது. பிழைச் செய்தியும் வராது, டிஸ்க் மட்டும் நிரம்பும். அந்தச் சாய்கோட்டையே விட்டுவிட்டாலோ, எந்த ஆழத்தில் 'கேஷ்' என்ற ஃபோல்டர் இருந்தாலும் விடுபட்டுப்போகும். அப்படி விடுபடுவதில் உங்கள் புரோகிராமின் நிரலும் இருக்கலாம், இதுதான் பெரிய ஆபத்து.

மூலத்தைக் கடைசிச் சாய்கோடு இல்லாமல் '/வார்' என்று கொடுத்தால் கணக்கு மாறும். அப்போது '/வார்/கேஷ்/' தான் சரி. ஏற்கெனவே பேக்கப்பில் ஏறிவிட்ட ஃபோல்டரும் இதனால் அழியாது. அதை அழிக்க டெலீட்-எக்ஸ்க்ளூடட் என்ற ஆப்ஷன் வேண்டும். அதை முதலில் ட்ரை-ரன்னில், அதாவது எதையும் மாற்றாத ஒத்திகையாக, ஓட்டிப் பாருங்கள்.