கச்சானுக்கும் புயலுக்கும் நின்றுபிடிக்கும் நிழல்மரம்: மட்டக்களப்பு வளவுகளில் நடும் முறை

மட்டக்களப்பில் மரம் நடுவதற்கு மிக மோசமான மாதம் ஜூன். உலகச் சுற்றாடல் தினம் ஜூன் 5இல் வருவதால் கன்று விநியோகமும் படமெடுப்பும் அந்த வாரத்தில்தான் நடக்கும். மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு, வறண்டு சூடேறி வரும் கச்சான் காற்றும் அப்போதுதான் இங்கே வீசிக்கொண்டிருக்கும். இலவசக் கன்று கிடைத்தால் நட்டுவிடாதீர்கள். பெரிய பையொன்றுக்கு மாற்றி, அரை நிழலில் வைத்து, மாரி வரும்வரை தண்ணீர் விடுங்கள்.

ஒக்டோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் இறுதி வரை நடலாம். நாட்காட்டியை விட மண்ணை நம்புங்கள்: ஒரு முழம் தோண்டிப் பார்த்து, அடிமண்ணும் ஈரமாக இருந்தால் சரி. மாரி முடிவதற்குள் வேர் ஓடிய கன்றுதான் அடுத்த கச்சானைத் தாங்கும்.

வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரை மணலுக்கும், மேற்கே உள்ள படுவான்கரைக் களிக்கும் ஒரே கன்று சரிவராது. கல்லடி, காத்தான்குடி போன்ற உப்புக்காற்றுப் படும் இடங்களுக்குப் புன்னை, பூவரசு, புங்கை நல்லவை. பூவரசைத் தடியாக வெட்டி ஊன்றினால் வேலிக்குப் போதும். நிழல்மரமாக வளர்ப்பதென்றால் விதையில் முளைத்த கன்றைத் தேடுங்கள். தடியில் வந்த மரத்துக்கு ஆணிவேர் இராது, பெருங்காற்றில் அதுதான் முதலில் சாயும். வேம்பு வரட்சியைத் தாங்கும், ஆனால் தண்ணீர் கட்டி நின்றால் செத்துவிடும். வெள்ளம் நிற்கும் காணிக்கும் வடிகான் ஓரத்துக்கும் மருது பொருந்தும். மே மாதத்தில் சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் குல்மோகர் (செம்மயிற்கொன்றை) மரத்தின் கொப்புகள் இலேசில் முறியும். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டோரம் வேண்டாம். மின்கம்பிக்குக் கீழே மாதுளை, கொய்யா, தேசி போதும்.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது வெயிலின் திசையைப் பாருங்கள். மே முதல் ஓகஸ்ட் வரை நண்பகற் சூரியன் நமக்கு உச்சியில் நிற்பதில்லை, வடக்கே தள்ளி நிற்கும். மாலை வெயில் வடமேற்கிலிருந்து வரும். ஆகவே வீட்டின் மேற்குச் சுவருக்கு நேரே, சற்று வடக்கே தள்ளி நட்டால், சூடு கூடிய மாதங்களில் சுவர் நிழலில் இருக்கும். பெரிய மரமென்றால் சுவரிலிருந்து 15 அடியாவது விடுங்கள். மலகூடக் குழிக்கு அருகில் நட வேண்டாம். வீதியோரமானால் மாநகர சபையிடமோ பிரதேச சபையிடமோ முதலில் கேளுங்கள்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். சின்னப் பையில் ஆறடி வளர்ந்து நிற்கும் கன்றின் வேர்கள் உள்ளே வட்டமாகச் சுற்றிப்போயிருக்கும். அப்படியே நட்டால் அவை வெளியே ஓடாமல், மரம் தடிக்கத் தடிக்கத் தண்டையே நெரிக்கும். பத்து வருடம் பச்சையாக நின்ற மரம் ஒரு புயலில் அடியோடு பெயர்ந்து விழுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். 2 முதல் 3 அடி உயரமும், தடி இல்லாமலே நிமிர்ந்து நிற்கும் தண்டும் கொண்ட கன்று போதும். நடும்போது பையை இழுக்காமல் பக்கவாட்டில் கீறி எடுங்கள். அடியில் வேர் சுருண்டிருந்தால் ஓர் அங்குலம் வெட்டிவிட்டு, பக்கங்களில் மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறுங்கள். கன்று இரண்டு மூன்று நாள் வாடும், பிறகு தேறிவிடும்.

கிடங்கு இரண்டரை அடி அகலம், பையின் உயரமளவு ஆழம். அதற்கு மேல் ஆழப்படுத்தினால் கீழ்மண் இறங்கி, கன்றும் புதைந்துவிடும். மணல் நிலத்தில், தோண்டிய மண் மூன்று வாளிக்குக் குளத்து வண்டல் ஒரு வாளி, நன்றாக உக்கிய மாட்டெரு ஒரு வாளி கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் வேரைக் கருக்கும். தும்புச்சோறு சேர்ப்பதானால் முதலில் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கலாம். களிமண்ணில் மண்வெட்டி பட்ட கிடங்கின் சுவர் சட்டி போல் வழவழத்து, தண்ணீரையும் வேரையும் உள்ளேயே மறித்து வைக்கும். அலவாங்கால் குத்திக் கரடாக்குங்கள். தண்டு வேராக விரியும் இடம் மண்மட்டத்தில் தெரிய வேண்டும். தண்ணீர் நிற்கும் காணியில் ஓரடி மேடு கட்டி, அதன்மேல் நடுங்கள்.

முட்டுத்தடி இரண்டு, கன்றின் உயரத்தில் பாதிக்குக் கீழே கட்டு. பழைய சைக்கிள் ரியூப்பை எட்டு வடிவில் தளர்வாகச் சுற்றுங்கள். கம்பியும் நைலோனும் பட்டையை அறுக்கும். கொஞ்சம் ஆடினால்தான் தண்டு தடிக்கும். ஒரு வருடத்தில் தடிகளைக் கழற்றிவிட வேண்டும்.

ஆடு மாடு இல்லாத ஒழுங்கை இங்கே கிடையாது. நான்கு கம்பு, 5 அடி உயரம், கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடைத்துவிடுங்கள். ஆடு பின்னங்காலில் எழும்பினாலும் எட்டக்கூடாது. கச்சான் வரும் தென்மேற்குப் பக்கத்தில் ஒரு கிடுகைக் கட்டினால் இலை கருகாது.

மாரி ஓய்ந்த பிறகு தண்ணீர்தான் முழு வேலை. மணலில் இரண்டு நாளுக்கொருமுறை 10 லீற்றர், களியில் ஐந்து நாளுக்கொருமுறை 20 லீற்றர். நாலு அங்குலம் விரலால் தோண்டிப் பார்த்து, ஈரமிருந்தால் அன்று ஊற்ற வேண்டாம். வாவியோரக் கிணறுகள் கோடையில் உப்பாகும். இலையின் ஓரம் மட்டும் கருகினால் அது காரணமாக இருக்கலாம். வேறு தண்ணீர் இல்லையென்றால் அடிக்கடி கொஞ்சமாக ஊற்றாமல், இடைவெளி விட்டு நிறைய ஊற்றுங்கள், உப்பு கீழே கழுவுப்படும். அடியில் மூன்று அங்குலத்துக்குச் சருகு போட்டு, தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுங்கள். தண்டோடு ஒட்டினால் அழுகும், கறையானும் ஏறும். இரண்டாம் வருடம் தண்ணீர் விடும் பாத்தியை இலைவிளிம்பு வரை அகட்டுங்கள். இரண்டு கச்சானைத் தாண்டிய மரம் பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்ளும்.

1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி இம்மாவட்டத்துத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. அப்படியொரு காற்றுக்கு மரத்தைத் தயார்படுத்தும் வேலை செப்டெம்பரோடு முடிய வேண்டும். ஒரே உயரத்தில் V வடிவில் பிரியும் இரட்டைத் தண்டில் ஒன்றைச் சிறுவயதிலேயே எடுத்துவிடுங்கள். நடுவில் பட்டை அகப்பட்ட கவை காற்றில் கிழியும். தடித்த கொப்பை முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, சற்று வெளியே மேலிருந்து அறுத்து வீழ்த்தி, கடைசியாக, கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் உள்ள புடைப்புக்கு வெளியே கட்டையை எடுங்கள். ஒரே தடவையில் இலையில் காற்பங்குக்கு மேல் கழிக்க வேண்டாம். தலையை மொட்டையடிப்பது பாதுகாப்பல்ல: அங்கே துளிர்ப்பவை மேலோட்டமாக ஒட்டியவை, அடுத்த காற்றில் அவைதான் ஓட்டின்மேல் விழும்.

சாய்ந்தது மூன்று வயதுக்குட்பட்ட மரமென்றால் எடுத்துவிடாதீர்கள். வேரை ஈரச்சாக்கால் மூடி, முறிந்த வேர்நுனிகளைக் கத்தியால் சீராக வெட்டி, இரண்டு நாளுக்குள் நிமிர்த்தி மண்ணணைத்து, மூன்று பக்கம் கயிறு இழுத்து ஒரு வருடம் கட்டிவையுங்கள்.