பாமினியில் பூட்டிக் கிடக்கும் பெயர்களை யூனிகோடுக்குக் கொண்டுவருவது எப்படி

யாங்கோன் அனோரதா ரோட்டுக்குப் பக்கத்தில் என் பெரியப்பா இருபது வருஷம் டி.டி.பி. கடை நடத்தினார். தீமிதி நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோவில் நன்கொடைப் பட்டியல் எல்லாம் அவர் கையால் தட்டச்சானவை. கடையை மூடியபோது ஒரு பெட்டி நிறைய சி.டி.யும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் என்னிடம் வந்தன. பர்மாத் தமிழர்களான நம் ஆட்களில் பலருக்கு அரசாங்கக் காகிதத்தில் பர்மியப் பெயர்தான். வீட்டில் கூப்பிட்ட தமிழ்ப் பெயரும் தாத்தா வந்த ஊரும் இந்த மாதிரிப் பட்டியல்களில்தான் எழுத்தில் இருக்கின்றன. அதனால் உங்கள் வீட்டிலோ கோவிலிலோ இப்படி ஒரு பெட்டி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சி.டி. காத்திருக்காது.

முதலில், ஏன் இந்தத் தொல்லை என்று புரிந்துகொண்டால் வேலை சுலபம். பழைய ஃபைலை நோட்பேடில் திறந்தால் தமிழ் இருக்காது. தலைப்பில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி (jkpo;) என்று சின்ன ஆங்கில எழுத்துகள் நிற்கும். அதுதான் 'தமிழ்' என்ற சொல். பாமினி எழுத்துருவில் ஜே-யின் இடத்தில் 'த' படம், கே-யின் இடத்தில் 'ம', பி-யின் இடத்தில் இகரக் கொக்கி, ஓ-வின் இடத்தில் 'ழ', அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளி. கம்ப்யூட்டருக்கு அது ஆங்கிலம், கண்ணுக்கு மட்டும் தமிழ். எழுத்துரு போனால் தமிழும் போய்விடும். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறிமுறையாக 1991-இல் வந்த யூனிகோட் தமிழுக்கென்று தனியாக 128 இடம் ஒதுக்கியது. ஆனால் நம் கடைகள் அதற்கு மாறப் பல வருஷம் ஆனது.

பர்மாவில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைக்க ஸோஜி என்ற ஒரு சொல் போதும். அது பர்மியத்துக்கான பழைய எழுத்துரு. பர்மிய எழுத்திலும் 'தவேத்தோ' என்ற குறி, நம் ஒற்றைக்கொம்பு போலவே, எழுத்துக்கு முன்னால் நிற்கும். கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அதை முன்னால் சேமித்தது ஸோஜி. உச்சரிக்கிற வரிசையில் எழுத்துக்குப் பின்னால் சேமிக்கிறது யூனிகோட். 2019 அக்டோபர் 1 அன்று நாடே யூனிகோடுக்கு மாறியபோது போனில் கட்டம் கட்டமாகத் தெரிந்த செய்திகளை மறந்திருக்க மாட்டீர்கள். பாமினியும் கொம்பை முன்னால்தான் வைக்கிறது. நோய் ஒன்றுதான், மருந்தும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சரி, வேலைக்கு வருவோம். சி.டி.யில் இருப்பதை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். அசலின் மேல் எதையும் சேமிக்காதீர்கள். எழுத்துரு ஃபைல்கள் அதில் இருந்தால் அவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும். பக்கம் வடிவமைக்கிற பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் 6.5, 7.0 ஃபைல்களை, அதே வேலை செய்கிற இன்டிசைன் சி.எஸ்.6 திறக்கும், அதற்கடுத்து வந்த சி.சி. பதிப்புகள் திறக்காது. பழைய இன்டிசைன் கிடைக்காவிட்டால் பேஜ்மேக்கர் இருக்கிற ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தேடுங்கள். திறந்ததும் எழுத்தை மட்டும் தனி டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எந்தக் குறிமுறை, அதாவது எந்த இடத்தில் எந்தத் தமிழ் எழுத்து என்ற ஏற்பாடு, என்று கண்டுபிடிப்பது. ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்து தெரிந்தால் பெரும்பாலும் பாமினி. மேலே கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் டிஸ்கி, அல்லது 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாப், டாம். இவை எல்லாம் பழைய தமிழ்க் குறிமுறைகள். எழுத்துருவின் பெயரிலேயே டாப், டாம் என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். இல்லையென்றால் உங்களுக்கு மனப்பாடமான ஒரு வரியை, கோவில் பெயர் போதும், ஒவ்வொரு குறிமுறையாகப் போட்டு மாற்றிப் பாருங்கள். சரியான தமிழ் வருவதுதான் விடை.

மாற்றித் தர என்.எச்.எம். கன்வெர்ட்டர் இருக்கிறது, சுரதாவின் பொங்குதமிழ் இருக்கிறது. பைத்தான் நிரல்மொழி தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் ஓபன்-தமிழ் நூலகம் போதும். எதை எடுத்தாலும் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரி 1 காலையில் இணையம் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் முறை வைத்து வருவதால் நான் ஒரு பக்கம் ஒரு பக்கமாகவே மாற்றிச் சேமிக்கிறேன்.

முழு ஃபைலையும் ஒரே தடவையில் மாற்றக் கூடாது. 2003 நன்கொடைப் பட்டியலை நான் அப்படித்தான் மாற்றினேன். பெரியப்பா தொகைகளை ஆங்கில எழுத்துருவில் அடித்திருந்தார். பாமினியில் காற்புள்ளியின் இடத்தில் இருப்பது 'இ'. அதனால் 5,000 கியாட் கொடுத்தவர் எல்லாரும் '5இ000' கொடுத்தவர்களாக மாறிவிட்டார்கள். ஊர்ப் பெயர், போன் எண், தொகை என்று ஆங்கில எழுத்துருவில் இருப்பதை முதலில் பிரித்து வைத்துவிட்டு, தமிழை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றியபின் தேடித் திருத்த வேண்டியவை சில உண்டு. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பாமினியில் 'ர்' என்பது காலும் புள்ளியும் சேர்ந்தது. மாற்றித் தருகிற மென்பொருள் அதைக் கவனிக்காவிட்டால் பார்வதி 'பாா்வதி' ஆகிவிடுவாள். நடுவில் இருப்பது ரகரம் இல்லை, வெறும் கால். 'ா்' என்பதைத் தேடி எல்லா இடத்திலும் 'ர்' போடுங்கள். அப்புறம் கௌரி. பழைய எழுத்துருவில் ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே படம், அதனால் 'கெளரி' என்று மூன்று எழுத்தாக வரும். இதை மட்டும் கண்மூடித்தனமாக மாற்றாதீர்கள், 'தெளிவு' கெட்டுவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் தீர வேண்டும். மூன்றாவது 'ஸ்ரீ'. 2005-இல் யூனிகோட் 4.1 'ஶ' என்ற எழுத்தைச் சேர்த்தபின் இதை இரண்டு விதமாக எழுத முடிகிறது, பல எழுத்துருவில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஃபைல் முழுக்க அதையே வையுங்கள், இல்லாவிட்டால் 'ஸ்ரீ காளி' என்று தேடினால் பாதிதான் அகப்படும்.

அதே பட்டியலில் பர்மியப் பெயர்கள் ஸோஜியில் இருந்தால் அவற்றுக்குத் தனி மாற்றி. தமிழையும் பர்மியத்தையும் சேர்த்து ஒரே மாற்றியில் போடவே கூடாது.

கடைசியாக, சத்தமாக வாசித்துச் சரிபார்ப்பது. அச்சடித்த பழைய நோட்டீஸை அத்தை கையில் கொடுத்துவிட்டு, நான் திரையைப் பார்த்து வாசிப்பேன். அத்தை அங்கங்கே நிறுத்தி, "அது முனியம்மா இல்லடி, முனியாண்டி, தட்டோன்ல கடை வச்சிருந்தாரே" என்று திருத்துவார். அந்தக் கடையையும் ஓரத்தில் குறித்துக்கொள்வேன்.

முடிந்ததை யு.டி.எஃப்.-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) ஆகச் சேமித்து, ஃபைல் பெயரில் கோவிலையும் வருஷத்தையும் போட்டு, பழைய நோட்டீஸின் ஸ்கேனையும் கூடவே வையுங்கள். ஒரு நகல் கோவில் ஆபீசுக்கு, ஒன்று வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரருக்கு. இணையத்தில் போடுவதாக இருந்தால் போன் எண்களையும் அடையாள அட்டை எண்களையும் எடுத்துவிட்டுப் போடுங்கள்.