சாமி தெரியாத கோயிலில் சாமி கும்பிடும் முறை

திருப்பூரிலிருந்து பனியன் ஆர்டர் விஷயமாக ஒசாகா போகிறவர்கள், ஒரு நாள் மிச்சம் கிடைத்தால் கடைத்தெருவில் சுற்றாமல் கியோட்டோவின் புஷிமி இனாரி கோயிலுக்குப் போய் வாருங்கள். ஜப்பானியரின் சொந்த மதமான ஷிண்டோவில், நெல்லுக்கும் வியாபாரத்துக்கும் உரிய தெய்வம் இனாரி. கியோட்டோ ஸ்டேஷனில் ஜேஆர் நாரா லைனில் லோக்கல் வண்டியாகப் பார்த்து ஏறினால் இரண்டாவது நிறுத்தம். வெளியே வந்தால் எதிரிலேயே கோயில். கட்டணம் இல்லை, நடை சாத்துவதும் இல்லை. விடியற்காலையிலேயே போய்விடுவது உத்தமம். பொழுது ஏறிவிட்டால் செல்ஃபிக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

செருப்பு விட இடம் தேடாதீர்கள், ஷூவோடுதான் போக வேண்டும். தோரி என்கிற வாசல் வளைவுக்கு முன்னால் நின்று லேசாகத் தலை வணங்கிவிட்டு ஓரமாக நடங்கள். பாதையின் நடுவே சாமிக்கு.

அடுத்து தண்ணீர்த் தொட்டி. அகப்பையை வலது கையில் எடுத்து இடது கையைக் கழுவுங்கள். கை மாற்றி வலது கை. மறுபடி வலது கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையில் நீர் ஊற்றி வாய் கொப்பளித்து, அந்தக் கையை இன்னொரு தரம் கழுவ வேண்டும். அகப்பையில் நேராக வாய் வைத்துவிடாதீர்கள். கடைசியில் அதை நிமிர்த்திப் பிடித்தால் மிச்ச நீர் வழிந்து பிடியும் சுத்தமாகிவிடும். அகப்பையை எடுத்துவிட்டுக் குழாய் மட்டும் வைத்திருந்தால் அதில் கழுவினாலே போதும்.

சன்னதியில் எட்டிப் பார்த்துப் பயனில்லை. சிலை தெரியாது, தீபாராதனை கிடையாது, திருநீறும் கிடையாது. நம் ஆட்கள் பலருக்கு இங்கேதான் மனசு ஒப்பாது. பெட்டியில் காசு போடுங்கள், 5 யென் ராசி என்பார்கள். கயிற்றை ஆட்டி மணியடித்து, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, கூப்பிய கையோடு வேண்டிக்கொண்டு, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். அரை நிமிஷத்தில் முடிந்தது. இசுமோ போன்ற சில கோயில்களில் நாலு தட்டு.

அப்புறம் மலை. 233 மீட்டர் உயரத்துக்கு ஆரஞ்சு நிறத் தோரிகள் ஆயிரக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். இறங்கும்போது கவனியுங்கள், ஒவ்வொரு தூணின் பின்பக்கத்திலும் கொடுத்தவர் பேரும் தேதியும் இருக்கும். நம்மூர்க் கோயில் ட்யூப்லைட்டில் எழுதும் உபயம்தான், வேறென்ன! முட்டிவலிக்காரர்கள் பாதி மலையில், ஊர் தெரிகிற யோட்சுட்சுஜியோடு திரும்பிவிடலாம்.

கீழே கடைகளில் பொரித்த டோஃபுப் (சோயா பன்னீர்) பைக்குள் சோறு அடைத்து விற்பார்கள். பார்த்தால் சைவம்தான். ஆனால் அந்த டோஃபுவை வழக்கமாக மீன் சாற்றில்தான் வேக வைக்கிறார்கள். கவுச்சி ஆகாதவர்கள் பையில் ஒரு பழம் வைத்துக்கொள்ளுங்கள்.