இரண்டு சப்வூஃபர், ஒரே பேஸ்: அளந்து, சேர்த்து, அப்புறம் ஈக்யூ

இரண்டாவது சப்வூஃபரை (பேஸ், அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கான தனி ஸ்பீக்கர்) பின்சுவர்ப் பக்கம் வைத்து இணைத்த அன்று, சோபாவில் உட்கார்ந்து கேட்டால் பேஸ் முன்பைவிடக் குறைந்திருந்தது. அளந்து பார்த்தேன். 55 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பெரிய பள்ளம். சரி, ஒவ்வொரு சப்பையும் தனியாக அளந்து, தனித்தனியாக ஈக்வலைசர் (ஈக்யூ: அதிர்வெண் வாரியாக ஒலி அளவைக் கூட்டிக் குறைப்பது) போட்டு இரண்டையும் நேராக்கிவிடலாம் என்று இறங்கினேன். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு கோடுகளும் அழகாக இருந்தன. சேர்த்து ஓட்டினால் பள்ளம் இன்னும் ஆழமாகியிருந்தது. மூன்று வார இறுதிகள் இதிலேயே போயின.

வேலையைச் செய்த வரிசைதான் தப்பு. சப்கள் எத்தனை இருந்தாலும், முதலில் இடம், ஒலி அளவு, டிலே (ஒலியை வேண்டுமென்றே தாமதப்படுத்துவது) மூன்றையும் சரிசெய்து அவற்றை ஒரே சப் போல ஆக்க வேண்டும். ஈக்யூ கடைசியில், அந்தச் சேர்ந்த ஒலிக்கு மட்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வரிசைப்படிதான் போகிறது.

ரிசீவர் இணைப்பும் மென்பொருளை நிறுவுவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் பயன்படுத்துபவை மூன்று: ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் (இலவசம்), யூமிக்-1 மைக், மினிடிஎஸ்பி 2×4 எச்டி (ரிசீவருக்கும் சப்களுக்கும் நடுவே நின்று டிலேயும் ஈக்யூவும் போடும் பெட்டி). போன் மைக்கை வைத்து இதைச் செய்யாதீர்கள். பல போன்களில் மைக் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டிவிடும், அதை நம்பிப் போடும் ஈக்யூ எல்லாம் வீண். யூமிக்கோடு வரும் கேலிப்ரேஷன் கோப்பை (மைக்கின் சொந்தப் பிழையைத் திருத்துவது) மென்பொருளில் ஏற்ற மறக்க வேண்டாம். ரிசீவரின் தானியங்கி அறைத் திருத்தத்தை இப்போதைக்கு அணைத்து வையுங்கள்.

1. இடம்

ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால், அந்தத் திசையில் அறை முதலில் முழங்கும் அதிர்வெண் கிடைக்கும். என் அறை 5.2 மீட்டர் நீளம், 3.8 மீட்டர் அகலம். கணக்குப் போட்டால் நீளவாக்கில் 33 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 45 ஹெர்ட்ஸ்.

இந்த முழக்கத்தில் ஒரு சுவரோரம் காற்றழுத்தம் ஏறும்போது எதிர்ச்சுவரோரம் இறங்கும். நடுவில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அதனால் ஒரு சப்பை முன்சுவரின் நடுவிலும் இன்னொன்றைப் பின்சுவரின் நடுவிலும் வைத்தால் இரண்டு நன்மை. அகலவாக்கில் இரண்டும் நடுவில் இருப்பதால் 45 ஹெர்ட்ஸ் முழக்கத்தைக் கிளப்புவதே இல்லை. நீளவாக்கில் 33 ஹெர்ட்ஸை ஒன்று கிளப்பினால் மற்றது அடக்கிவிடும். செவ்வக அறைகளை வைத்து ஹர்மன் நிறுவனத்தில் டாட் வெல்டி செய்த ஆய்வுகளும் இதையே காட்டின: இரண்டு சப் என்றால் எதிரெதிர்ச் சுவர்களின் நடு, நான்கு என்றால் நான்கு சுவர்களின் நடு.

என் பின்சுவர் நடுவில் கதவு. அதனால் பின் சப் ஒரு மீட்டர் தள்ளித்தான் நிற்கிறது, 45 ஹெர்ட்ஸ் மேடும் மிச்சம் இருக்கிறது. பரவாயில்லை, மேட்டை ஈக்யூவால் குறைக்க முடியும். சோபாவை மட்டும் அறையின் சரிபாதி நீளத்தில் போடாதீர்கள்.

2. சப்பின் பின்னால் உள்ள திருகுகள்

சப்பின் சொந்த கிராஸ்ஓவரை (எந்த அதிர்வெண் வரை சப் ஒலிக்க வேண்டும் என்று பிரிப்பது) பைபாஸ் செய்யுங்கள், அந்த வசதி இல்லையென்றால் அதிகபட்சத்துக்குத் திருப்புங்கள். ஃபேஸ் (அலையின் ஏற்ற இறக்கத்தை முன்பின் நகர்த்தும் திருகு) பூஜ்ஜியம். உள்ளே ஈக்யூ இருந்தால் அணைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே மாடல் என்றால் மைக்கை ஒவ்வொரு கூம்புக்கும் நான்கு விரற்கடை தூரத்தில் வைத்து ஒரே அளவு வரும்படி வால்யூமைச் சரிசெய்யுங்கள். வேறு வேறு மாடல் என்றால் உட்காரும் இடத்தில் 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை சராசரியாகச் சமப்படுத்தலாம், சிறிய சப் திணறாத வரை.

3. நேரம் (என்னைக் கவிழ்த்த இடம்)

இங்கே அவசரப்படாமல் படியுங்கள்.

யூமிக் மாதிரியான யூஎஸ்பி மைக்கில், ஒலி எப்போது கிளம்பியது என்பது மென்பொருளுக்குத் துல்லியமாகத் தெரியாது. அதனால் ஒவ்வொரு அளவீட்டிலும் அதனதன் உச்சத்தையே பூஜ்ஜிய நேரமாக எடுத்துக்கொள்ளும். முன் சப்பை அளந்தால் அது பூஜ்ஜியத்தில் தொடங்கும். பின் சப்பை அளந்தால் அதுவும் பூஜ்ஜியத்தில்தான் தொடங்கும். உண்மையில் ஒன்றின் ஒலி மற்றதைவிட 9 மில்லி செகண்ட் தாமதமாக வந்து சேர்ந்தாலும் வரைபடத்தில் அது தெரியாது. நான் இப்படி அளந்த கோடுகளை வைத்து டிலே கணக்கிட்டுக்கொண்டிருந்தேன்.

இதற்கு வழி அக்கூஸ்டிக் டைமிங் ரெஃபரன்ஸ். அளவிடும் பக்கத்தில் அந்தத் தேர்வைப் போட்டு, ரெஃபரன்ஸாக இடது ஸ்பீக்கரைக் கொடுங்கள். இனி ஒவ்வொரு முறையும் முதலில் இடது ஸ்பீக்கரில் 'சிர்ப்' என்று ஒரு மெல்லிய கீச்சொலி வரும், அதற்குப் பிறகுதான் சப்பின் உறுமல். அந்தக் கீச்சொலியில் இருந்துதான் நேரத்தைக் கணக்கிடும். எல்லாச் சப்களுக்கும் அதே ஸ்பீக்கர்தான் ரெஃபரன்ஸ், முடியும் வரை மைக்கை நகர்த்தவே கூடாது. எனக்கு ஸ்டாண்டின் காலைத் தரையில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் நிம்மதி.

15 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மூன்று அளவீடு எடுங்கள்: முன் சப் மட்டும், பின் சப் மட்டும், இரண்டும் சேர்ந்து. அப்புறம் மென்பொருளிலேயே முதல் இரண்டையும் கூட்டச் சொல்லுங்கள். கூட்டி வந்த கோடும் நிஜமாக அளந்த மூன்றாவது கோடும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் நேரம் சரியாகப் பதிவாகியிருக்கிறது. படியவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தால் எனக்கு அந்த மூன்று வார இறுதிகளும் மிஞ்சியிருக்கும்.

இனி அலைன்மென்ட் டூலைத் திறந்து, முன்னதாக வந்து சேரும் சப்புக்கு டிலே கூட்டிக்கொண்டே போங்கள். கூட்டுக்கோடு எந்த இடத்தில் பள்ளமில்லாமல் உயர்ந்து நிற்கிறதோ அதுதான் உங்கள் எண். டேப்பால் தூரத்தை அளந்து போட்டால் போதாதா என்று தோன்றும். என் முன் சப் மைக்கில் இருந்து 3.4 மீட்டர், பின் சப் 1.7 மீட்டர். 34 சென்டிமீட்டருக்கு ஒரு மில்லி செகண்ட் என்ற கணக்கில் பின் சப்புக்கு 5 வர வேண்டும். நிஜத்தில் 9 தேவைப்பட்டது. முன் சப்பின் உள்ளேயே ஒரு டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் சிப்) இருக்கிறது, அது தன் பங்குக்கு ஒலியைத் தாமதப்படுத்துகிறது. 55 ஹெர்ட்ஸில் ஒரு அலைச்சுற்றுக்கு 18 மில்லி செகண்ட், அதில் பாதி 9. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்துக்கொண்டிருந்தது. பள்ளம் 55-இல் விழுந்த காரணம் அதுதான்.

மினிடிஎஸ்பியில் பின் சப்பின் அவுட்புட்டில் 9 மில்லி செகண்ட் டிலே போட்டு, இரண்டையும் சேர்த்து மறுபடி அளந்தபோது பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை. அதுவரை ஈக்யூவில் ஒரு ஃபில்டர்கூட (ஓர் அதிர்வெண் பகுதிக்கான திருத்தம்) போட்டிருக்கவில்லை.

மூன்று நான்கு சப் இருந்தாலோ, பல இருக்கைகளுக்குப் பொதுவாகச் சரிசெய்ய வேண்டியிருந்தாலோ மல்டி சப் ஆப்டிமைசர் என்ற இலவச மென்பொருள் இந்தத் தேடலைத் தானே செய்துவிடும். ஆனாலும் முதல் முறை கையால் செய்து பாருங்கள் என்பேன். டிலேயை நகர்த்த நகர்த்தக் கோடு எப்படி அசைகிறது என்று ஒரு முறை கண்ணால் பார்த்தவருக்குப் பிறகு எந்த வரைபடமும் புரியும்.

4. ஈக்யூ

இரண்டு சப்பும் ஓட, தலை இருக்கும் இடத்தைச் சுற்றி நான்கைந்து புள்ளிகளில் அளந்து சராசரி எடுங்கள். (மைக்கை இப்போது நகர்த்தலாம்.) ஈக்யூ பக்கத்தில் 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை எல்லை கொடுத்து, மேடுகளை வெட்டும் ஃபில்டர்களை மட்டும் போட விடுங்கள். என் 45 ஹெர்ட்ஸ் மேட்டுக்கு ஒரே ஒரு ஃபில்டர், 8 டெசிபல் குறைப்பு. அறை முழக்கத்தின் மேட்டைச் சரியான அகலத்தில் வெட்டினால் அந்த இருக்கையில் ஒலி இழுத்துக்கொண்டே நிற்பதும் குறையும். மத்தளத்தின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும்.

பள்ளத்தை மட்டும் ஈக்யூவால் தூர்க்கப் பார்க்காதீர்கள். 6 டெசிபல் ஏற்ற நான்கு மடங்கு சக்தி வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. நேரடி அலையை ஏற்றினால் அதை அழிக்கும் எதிரலையும் கூடவே ஏறும். ஆம்ப்ளிஃபையர் சூடாகும், பள்ளம் அப்படியே இருக்கும். அதற்கு மருந்து இடமும் டிலேயும்தான்.

ஃபில்டர்களை மினிடிஎஸ்பியின் இன்புட் பக்கத்தில் ஏற்றுங்கள், அப்போதுதான் எல்லாச் சப்களுக்கும் ஒரே மாதிரி போகும். ஒன்றுக்கு மட்டும் போட்டால் அதன் ஃபேஸ் மாறி, மூன்றாம் படியில் சேர்த்தது கலைந்துவிடும்.

5. ஸ்பீக்கர்களோடு சேர்ப்பது

ரிசீவரில் கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் நல்ல தொடக்கம். மினிடிஎஸ்பியில் சப்களின் போலாரிட்டியைத் தலைகீழாக்கி (தள்ள வேண்டிய நேரத்தில் இழுக்க வைத்து), ரிசீவரில் சப் தூரத்தை மாற்றி மாற்றி, 80-இல் மிக ஆழமான பள்ளம் விழும் எண்ணைக் கண்டுபிடியுங்கள். போலாரிட்டியைத் திரும்ப மாற்றினால் அந்த இடம் நிரம்பிவிடும். ரிசீவரின் தானியங்கித் திருத்தம் வேண்டுமென்றால் இப்போது ஓட்டலாம். ஓட்டிய பிறகு இந்தப் படியை மட்டும் இன்னொரு முறை சரிபாருங்கள், அது சப் தூரத்தை மாற்றி வைத்திருக்கும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்து பார்த்தவர்கள் சொன்ன சிக்கல்கள் சில.

ஃபில்டர் ஏற்றிய பிறகு கோடு கன்னாபின்னாவென்று மாறுகிறது என்றார் ஒருவர். ஈக்யூ பக்கத்தில் பழைய 2×4 மாடலைத் தேர்ந்தெடுத்திருந்தார். அது 48 கிலோஹெர்ட்ஸ், எச்டி 96 கிலோஹெர்ட்ஸ். ஃபில்டர் எண்கள் அதற்கேற்ப மாறும் என்பதால் மாடலைச் சரியாகக் கொடுக்க வேண்டும்.

பின் சப் சில நேரம் அளவீட்டில் வருவதே இல்லை என்று இன்னொருவர். ஆட்டோ ஸ்டாண்ட்பை. சத்தம் குறைவாக இருந்தால் சப் தூங்கிவிடும், அதை எப்போதும் ஆனில் வையுங்கள். எச்டிஎம்ஐ வழியாக எல்எஃப்இ சேனலில் (படங்களில் பேஸுக்கென்றே உள்ள தனிச் சேனல்) அளப்பவர்கள் சத்தத்தைக் குறைத்துத் தொடங்குங்கள், ரிசீவர் அந்தச் சேனலுக்கு 10 டெசிபல் கூட்டித் தரும்.

என் வீட்டில் நடந்தது: ஒரு நாள் பேஸ் திடீரென்று மெலிந்துவிட்டது. தூசி துடைக்கும்போது பின் சப்பின் வால்யூம் திருகு கால் சுற்று திரும்பியிருக்கிறது. இப்போது இரண்டு திருகுகளிலும் பெயிண்ட் மார்க்கரால் கோடு போட்டு, மேலே செலோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.