மேக்னெட் கனத்தைப் பார்த்து ஊஃபர் வாங்காதீர்கள்

ஊஃபர் (பேஸ் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) வாங்கும்போது பலரும் கேட்பது இரண்டுதான்: எத்தனை வாட்ஸ், மேக்னெட் எவ்வளவு கனம்? வாட்ஸ் என்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் தாங்கும் சூட்டின் கணக்கு. பேஸ் எவ்வளவு கீழே இறங்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

மேக்னெட் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். காந்தம் பலமானால், முன்னும் பின்னும் அசைந்து சத்தம் எழுப்பும் கோனை அது இறுக்கி அடக்கும். டேட்டா ஷீட்டில் க்யூடிஎஸ் (Qts, கோனின் ஆட்டம் எவ்வளவு தளர்வாக அடங்குகிறது என்ற அளவு) என்ற எண் குறையும். அந்த எண் 0.3-க்குக் கீழே உள்ள ட்ரைவரை (பாக்ஸ் இல்லாத வெறும் ஊஃபரை) மூடிய பாக்ஸில் போட்டால் மிட் பேஸ் கச்சிதமாக அடிக்கும், ஆனால் அடிமட்ட பேஸ் மெலிந்துவிடும். அது போர்ட் பாக்ஸுக்கு (காற்றுக் குழாய் வைத்த பாக்ஸுக்கு) ஏற்ற ட்ரைவர். காசைக் கூடக் கொடுத்துவிட்டு "பேஸே இல்லை" என்று புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது பாக்ஸ் அளவு. நெவில் தீல் 1961-இல் தொடங்கி, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரிவாக்கிய கணக்கு இதற்கென்றே இருக்கிறது. ஒரு ட்ரைவரின் எஃப்எஸ் (Fs, பாக்ஸ் இல்லாமல் அதன் ஒத்ததிர்வு) 30 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.5, விஏஎஸ் (Vas, கோனின் பிடிமானம் அளவுக்கே நெகிழும் காற்றின் கொள்ளளவு) 90 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 90 லிட்டர் மூடிய பாக்ஸில் அதன் ஒத்ததிர்வு 42 ஹெர்ட்ஸுக்கு ஏறும், பாக்ஸோடு சேர்ந்த க்யூ 0.7 ஆகும், இது சமமான பேஸ். 30 லிட்டரில் 60 ஹெர்ட்ஸ், க்யூ 1. அலமாரியில் அடங்க வேண்டும் என்று 11 லிட்டராகச் சுருக்கினால் ஏறத்தாழ 90 ஹெர்ட்ஸ், க்யூ 1.5, அந்த இடத்தில் 4 டெசிபல் மேடு. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'தொம் தொம்'. கடையில் இதைத்தான் "செம பேஸ்" என்று விற்கிறார்கள்!

எஃப்எஸ்ஸைக் குறைக்கக் கோனில் எடை ஒட்டும் வித்தையும் உண்டு. அதைப் பாதியாக்க, அசையும் எடை நான்கு மடங்காக வேண்டும். அப்போது சென்சிடிவிட்டி (அதே பவருக்குக் கிடைக்கும் சத்தம்) 12 டெசிபல் விழும். பழைய சத்தம் வர ஆம்ப் பவர் 16 மடங்கு தேவைப்படும். வேண்டாத வேலை.

எக்ஸ்மேக்ஸை (Xmax, கோன் ஒழுங்காக நகரக்கூடிய தூரத்தை) யாரும் பார்ப்பதில்லை. மூடிய பாக்ஸில் அதே சத்தத்துக்கு 60 ஹெர்ட்ஸில் 2 மில்லிமீட்டர் நகரும் கோன், 30 ஹெர்ட்ஸில் 8 மில்லிமீட்டர் நகர வேண்டும். 5 மில்லிமீட்டர்தான் தாங்கும் என்றால் மிச்சமெல்லாம் டிஸ்டார்ஷன். 8 இன்ச் கோனின் பரப்பு சுமார் 210 சதுர சென்டிமீட்டர், 12 இன்சுக்குச் சுமார் 500. சின்ன கோன் ஏன் திணறுகிறது என்று இதிலேயே தெரியும்.

போர்ட் பாக்ஸில் ஆபத்து இன்னும் கூடுதல். ட்யூனிங்குக்கு (போர்ட் ஒத்ததிரும் அதிர்வெண்ணுக்கு) கீழே போனால், உள்ளே இருக்கும் காற்று கோனைத் தாங்காது. கோன் கட்டில்லாமல் ஆடும். 35 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்த பாக்ஸ் என்றால் 30 ஹெர்ட்ஸ் வாக்கில் சப்சானிக் ஃபில்டரை (அதற்குக் கீழே உள்ள சத்தத்தை வெட்டும் வடிகட்டியை) போட்டுவிட்டு வால்யூமை ஏற்றுங்கள்.